தலை போன சிலுவைகள்

இங்கிலாந்தின் பழைய கிராமத் தேவாலயங்கள் பலவற்றின் முற்றத்தில் சில படிகள் கொண்ட கல்மேடை ஒன்று இருக்கும். அதன்மேல் ஒடிந்த கல்தண்டு. சில ஊர்களில் தண்டின் நுனியில் சூரியக் கடிகாரம் உட்கார்ந்திருக்கும். இடைக்காலத்தில் அது முழுச் சிலுவை. தலை மட்டும் போய் அடி ஏன் மிஞ்சியது? பாதி விடை அதைக் கட்டிய விதத்தில் இருக்கிறது.

சிலுவை ஒற்றைக் கல் அல்ல. படிகளுக்கு மேலே நடுவில் குழி வெட்டிய கனத்த பீடக்கல், அந்தக் குழியில் செருகிய தண்டு, உச்சியில் சிற்பங்களோடு தலை. தண்டின் அடியை முளையாகச் செதுக்கிக் குழிக்குள் இறக்கி, இடுக்கில் உருக்கிய ஈயத்தை ஊற்றினார்கள். ஈயம் 327 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும். கரி அடுப்பே போதும். கல்லின் மேடுபள்ளமெல்லாம் நிரம்பி இறுகும். மென்மையானது என்பதால் தண்டு லேசாக அசைந்தாலும் கல்லை நெருக்காது. அந்த இடத்தில் இரும்பை வைத்திருந்தால் துருவேறிப் பருத்துக் கல்லையே பிளந்திருக்கும்.

என்ன கவனமாக நிறுத்தினாலும் உச்சி உச்சிதான். மெலிந்த தண்டின்மேல் நிற்கும் தலையைக் கயிறு கட்டி இழுத்துவிடலாம். பீடத்தையும் படிகளையும் அவற்றின் எடையே காத்தது.

சரி, ஏன் இழுத்தார்கள்? குருத்தோலை ஞாயிறன்று பங்கு மக்கள் இந்தச் சிலுவைக்குத்தான் பவனியாக வருவார்கள். அந்தக் குளிர்நாட்டில் பனைக்கும் ஈச்சைக்கும் எங்கே போவது? வில்லோ, யூ மரக் கிளைகளே குருத்தோலை. இயேசுவின் உடலாகப் போற்றப்படும் அப்பமான நற்கருணையும் பவனியில் வரும். சிலுவையடியில் நற்செய்தி வாசிக்கப்படும். பழைய ஆவணங்களில் அதற்குக் 'குருத்தோலைச் சிலுவை' என்றே பெயர் உண்டு. முற்றத்தில் வியாபாரமும் நடந்தது. 1285-ல் முதலாம் எட்வர்ட் மன்னர் தேவாலய முற்றங்களில் சந்தை கூடாது என்று சட்டம் போட்டார். நடக்காத ஒன்றைத் தடுக்கச் சட்டம் எதற்கு?

கத்தோலிக்கச் சடங்குகளையும் உருவங்களையும் எதிர்த்த சமயச் சீர்திருத்தம் வந்ததும் 1548-ல் குருத்தோலைச் சடங்கு தடைசெய்யப்பட்டது. அப்புறம் 1643-ல் தேவாலய முற்றச் சிலுவைகளையும் அகற்றச் சொல்லி நாடாளுமன்றம் ஆணையிட்டது. உருவங்கள் இருந்த தலைதான் கண்ணை உறுத்தியது. மொட்டைத் தண்டில் யாருக்கும் பகையில்லை, கடிகாரம் வைக்கவும் வசதி.

குளோஸ்டர்ஷயரில் ஆம்ப்னி குரூசிஸ் என்றொரு ஊர். ஊர்ப்பெயரிலேயே சிலுவை இருக்கிறது. அங்கே யாரோ தலையைத் தேவாலயச் சுவருக்குள் வைத்து அடைத்துவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அது வெளியே வந்தது. சிலுவையில் தொங்கும் இயேசுவும் குழந்தையோடு மரியாவும் செதுக்கப்பட்ட அந்தத் தலை, இப்போது மறுபடி தண்டின்மேல் நிற்கிறது.