வெயிலை விடப் புழுக்கம்தான் வில்லன்: வீட்டுப் பவளத் தொட்டியைக் குளிர்விப்பது எப்படி

ஏப்ரல் பிறந்துவிட்டால் சென்னையில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நிம்மதி போய்விடும். கப்பியும் கோல்டு ஃபிஷ்ஷும் வளர்ப்பவர்கள் கோடையை எப்படியோ ஓட்டிவிடுவார்கள். பவளம் வளர்ப்பவர் தெர்மாமீட்டரைப் பார்த்தபடியே இருப்பார். 26 டிகிரி இருந்தால் நிம்மதி, 28 என்றால் கவலை, 30 என்றால் சோறு இறங்காது.

இதில் ஒரு நியாயமான கேள்வி உண்டு. மன்னார் வளைகுடாவில் ஏப்ரல், மே மாதங்களில் கடலே 30 டிகிரியைத் தொடுகிறது. அங்கே பவளங்கள் இருக்கத்தானே செய்கின்றன, வீட்டில் மட்டும் என்ன இத்தனை செல்லம்?

முதல் விஷயம், அங்கேயும் அவை விளிம்பில்தான் வாழ்கின்றன. ஒரு பவளம் தன் இடத்தின் வழக்கமான கோடை உச்சத்துக்குப் பழகியிருக்கும். அதற்கு மேல் ஒரே ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே வெளிற ஆரம்பித்துவிடும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவிலேயே இது நடந்தது. பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அவற்றால்தான், சாப்பாட்டில் பெரும்பகுதியும் அவற்றால்தான். சூடு கூடும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகிறது. ஆனால் வெளிச்சம் விழுந்துகொண்டே இருக்கிறது. பயன்படுத்த முடியாத அந்த ஆற்றல், செல்களை அரிக்கும் ஆக்சிஜன் சேர்மங்களாக மாறுகிறது. சோறு போட்டவனே விஷம் வைக்கிறான் என்று ஆனதும் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. அப்புறம் தெரிவது கண்ணாடி போன்ற சதையும் அதற்கடியில் வெள்ளை எலும்பும்தான். உடனே செத்துவிடாது, பட்டினி கிடக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும், பவளமும் பிழைக்கும்.

இதிலிருந்தே ஒரு வழி கிடைக்கிறது. சூடும் வெளிச்சமும் சேர்ந்துதான் பவளத்தை அடிக்கின்றன. எனவே தொட்டி சூடான நாளில் விளக்கைக் குறைத்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். பலர் கோடையில் விளக்கு நேரத்தையே சாயங்காலத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். எட்டு மணி நேர வெளிச்சம் ஒழுங்காகக் கிடைத்தால் போதும். அது காலை பத்து மணிக்கா மாலை ஐந்து மணிக்கா என்று பவளம் கேட்பதில்லை.

இரண்டாவது விஷயம் ஆக்சிஜன். 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 6.8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 6.2 தான். இது எட்டு சதவீதக் குறைவுதான். ஆனால் அதே ஐந்து டிகிரியில் மீன், இறால், பாக்டீரியா எல்லாவற்றின் தேவையும் ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறும் இந்தக் கணக்கு விடியற்காலையில்தான் உதைக்கும். இரவெல்லாம் ஒளிச்சேர்க்கை கிடையாது, எல்லோரும் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருப்பார்கள். கடலில் அலை இருக்கிறது, ஆழம் இருக்கிறது. 60 லிட்டர் தொட்டியில் அந்த உபரி எதுவும் இல்லை. 25, 26 என்று வைத்துக்கொள்ளச் சொல்வது அந்த இடைவெளியைக் கையிருப்பாக வைப்பதற்குத்தான்.

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? அறையிலிருந்து வருவது தெரிந்ததே. தொட்டிக்குள்ளிருந்தே வருவதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. நீருக்குள் ஓடும் மோட்டார் எத்தனை வாட் இழுக்கிறதோ, அத்தனையும் கடைசியில் வெப்பமாக நீரில்தான் சேரும். பம்பு, அலை உண்டாக்கும் வேவ்மேக்கர் எல்லாம் சேர்ந்து 20 வாட் என்று வையுங்கள். அந்த வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால், 60 லிட்டர் நீரை ஒரே நாளில் 7 டிகிரி ஏற்றிவிடும். விளக்கைச் சேர்க்காமலேயே இவ்வளவு. புதிதாக வாங்குபவர்கள், குறைந்த வாட்டில் ஓடும் டிசி (நேர்மின்சார) பம்பு விலை அதிகம் என்று யோசிக்கும்போது இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். குறைந்த வாட் என்றால் கரண்டும் மிச்சம், சூடும் மிச்சம்.

வெளியேறும் வழிகளில் மலிவானது ஆவியாதல். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த 20 வாட் மோட்டார்கள் நாள் முழுக்கக் கொட்டும் வெப்பத்தை அகற்ற முக்கால் லிட்டர் ஆவியானால் போதும். அதற்காகத்தான் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் குட்டி விசிறியைத் தொட்டி விளிம்பில் மாட்டுகிறார்கள். மாட்டும் கோணம் முக்கியம். செங்குத்தாகக் கீழே ஊதினால் பலன் குறைவு. நீர்ப்பரப்பை உரசிக்கொண்டு காற்று இந்த ஓரத்தில் நுழைந்து அந்த ஓரத்தில் வெளியேற வேண்டும். அதற்கு மூடி இருக்கக் கூடாது. மீன் எம்பிக் குதிக்கும் என்ற பயம் நியாயம்தான், கண்ணாடி மூடிக்குப் பதில் வலை போடுங்கள்.

நல்ல விசிறி இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குறைக்கும். ஆனால் அதற்கு ஒரு தரை உண்டு, எத்தனை விசிறி வைத்தாலும் அதற்குக் கீழே போக முடியாது. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காற்றில் காட்டும் வெப்பநிலைதான் அந்தத் தரை. அதை முடிவு செய்வது வெயில் மட்டும் அன்று, காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து. மே மாதத்தில் முற்பகல் பதினொரு மணி, மேற்கிலிருந்து அனல் காற்று, 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் தரை சுமார் 27. பிற்பகலில் கடற்காற்று நுழைகிறது. வெப்பம் 33 ஆக இறங்குகிறது, ஈரப்பதம் 75 ஆக ஏறுகிறது. ‘அப்பாடா’ என்று நாம் பெருமூச்சு விடும் அந்த நேரத்தில் தரை 29க்கு ஏறிவிட்டது! வெளியே ஐந்து டிகிரி குறைந்தும், விசிறியால் முன்பு முடிந்ததுகூட இப்போது முடியவில்லை. பம்புகள் விடாமல் சூடேற்றுவதால் தொட்டி அந்தத் தரையைத் தொடாது, அதற்கு மேல் ஓரிரு டிகிரியில்தான் நிற்கும். கோயம்புத்தூர்க்காரர் விசிறியை வைத்தே கோடையைத் தாண்டிவிட்டேன் என்பார், பெசன்ட் நகர்க்காரர் அதே விசிறியைத் திட்டுவார். இரண்டு பேரும் சொல்வது உண்மை. ஒரு ஈரப்பதமானி வாங்கி அறையில் வைத்துவிட்டால், நீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லருக்குச் செலவழிக்க வேண்டுமா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

விசிறிக்கு இன்னொரு விலையும் உண்டு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். 60 லிட்டர் தொட்டியில் தினம் இரண்டு லிட்டர் ஆவியாகி மூன்று நாள் கவனிக்காமல் விட்டால், ஆயிரத்துக்கு 35 பங்கு இருந்த உப்பு கிட்டத்தட்ட 39க்குப் போய்விடும். இறாலும் பவளமும் இதைத் தாங்காது. குறைந்த நீரை ஈடுகட்ட உப்புநீரை ஊற்றுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, உப்பில்லாத நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆனால் சமையலறை ஆர்.ஓ. நீர் எல்லாம் அந்த நல்ல நீர் ஆகிவிடாது. குடிக்கச் சுவை வேண்டும் என்று பல கருவிகளில் கொஞ்சம் குழாய்நீரைக் கலந்துவிடுகிறார்கள், சிலவற்றில் தாதுக்களைத் தனியாகவே சேர்க்கிறார்கள். நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும் நீர்தான் வேண்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் சுத்தம்தானே என்று பிடித்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது செம்புக் குழாய்மேல் வழிந்து வருவது. மீனுக்கு ஒன்றும் ஆகாத அளவு செம்பே இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும்.

புழுக்கம் ஜெயிக்கும் ஊரில் சில்லர்தான் தீர்வு. உள்ளே ஓடுவது ஃபிரிட்ஜின் அதே கம்ப்ரஸர் சுழற்சிதான். நீரைத் தொடும் சுருள் மட்டும் செம்புக்குப் பதில் டைட்டானியம், உப்பு அதை அரிக்காது. கம்ப்ரஸர் இல்லாமல், மின்சாரம் பாயும் ஒரு தகட்டாலேயே குளிர்விக்கும் பெல்டியர் வகையும் மலிவாகக் கிடைக்கிறது. 20 லிட்டர் தொட்டிக்குச் சரி, அதற்கு மேல் பணத்துக்குக் கேடு. எந்தச் சில்லரும் சூட்டை அழிப்பதில்லை. நீரிலிருந்து எடுத்ததையும் தான் இழுத்த மின்சாரத்தையும் சேர்த்துப் பின்பக்கமாகக் கக்குகிறது. அழகாக இருக்கட்டும் என்று தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினால், தான் விட்ட சூட்டையே தானே உறிஞ்சிக்கொண்டு நாள் முழுக்க ஓடும். ஜன்னல் ஓரத்தில் காற்று போக வர வையுங்கள்.

எதை வளர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கல்பவளங்கள், கடல்விசிறிகள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ராமேஸ்வரம் போன இடத்தில் கரையோரம் கிடந்த பவளத் துண்டைத் தொட்டிக்கென்று எடுத்து வரும் வேலை வேண்டாம். எலும்பில்லாத சோவாந்தஸ், மஷ்ரூம் போன்ற மென்பவள வகைகள் ஓரிரு டிகிரி ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். பாறைக்குச் செயற்கைக் கல்லே போதும், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா சில வாரங்களில் அதில் குடியேறிவிடும். மீன் இரண்டுக்கு மேல் வேண்டாம். சூட்டில் அம்மோனியாவின் நச்சும் கூடுகிறது.

இனி கரண்ட் போகும் ராத்திரி. சில்லரும் விசிறியும் நின்றதும் கை தானாக ஃப்ரீஸர் பக்கம் போகும். ஒரு லிட்டர் பாட்டிலில் உறைந்த நீர், உருகி அறை வெப்பத்துக்கு வருவதற்குள் 60 லிட்டர் தொட்டியைக் கிட்டத்தட்ட இரண்டு டிகிரி இறக்கிவிடும். அது திடுக்கென்று இறங்குவதுதான் தொல்லை, அரை லிட்டர் பாட்டிலாகப் போடுங்கள், மூடி இறுக்கமாக இருக்கட்டும். ஆனால் ஐஸுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டு இன்வெர்ட்டரில் வேவ்மேக்கருக்கு ஓர் இணைப்பு கொடுத்துவிடுங்கள், அது இழுக்கும் ஐந்து வாட் ஒரு பெரிய விஷயமே இல்லை. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைக்கலாம். 30 டிகிரியைப் பவளம் சில மணி நேரம் பொறுத்துக்கொள்ளும். அசையாமல் நிற்கும் வெந்நீரில் மூச்சுத் திணறும் மீன் அதுவரை பொறுக்காது.