பேக்கிங் பவுடர் டப்பாவை எடுத்த இடத்திலேயே வையுங்கள்

இந்த வாரமும் ஒரு படம் வந்திருக்கிறது. நடுவில் பள்ளம் விழுந்து, அடியில் கெட்டியாக மாவு படிந்த ஒரு கேக். கூடவே கேள்வி: "மேடம், பேக்கிங் பவுடர் ஒன்றரை ஸ்பூன் போட்டும் ஏன் எழும்பவில்லை?" பேக்கிங் வகுப்பு எடுக்க ஆரம்பித்ததிலிருந்து இதற்குப் பதில் எழுதி விரல் தேய்ந்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பான் தி ஸ்பான்யா என்ற இந்த இத்தாலிய ஸ்பாஞ்ச் கேக்கில் பேக்கிங் பவுடர் கிடையாது. சோடா உப்பு கிடையாது. ஈஸ்ட்டும் கிடையாது.

நம்பாதவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெனோவா குடியரசின் தூதராக மாட்ரிட் போன டொமெனிகோ பல்லவிச்சினி, தன் சமையல்காரர் ஜியோபாட்டா கபோனாவையும் கூட்டிப்போனாராம். அங்கே அரச விருந்துக்காகக் கபோனா செய்த லேசான கேக்தான் இதற்கு மூலம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பிரெஞ்சுக்காரர்களின் ஜெனுவாஸும் இதே குடும்பம்தான்; அதில் உருக்கிய வெண்ணெய் சேரும், இதில் சேராது. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் பேக்கிங் பவுடர் கண்டுபிடித்தது 1843-இல். அதற்கு முன்னால் இந்தக் கேக் எதை நம்பி எழும்பியது? முட்டையில் அடித்து ஏற்றிய காற்றை நம்பித்தான்.

"எதற்கும் இருக்கட்டும், கொஞ்சம் போட்டால் என்ன?" என்பீர்கள். அந்தக் 'கொஞ்சம்' கைக்கு வந்ததுமே அடிப்பதில் அலட்சியம் வந்துவிடுகிறது. மூன்று நிமிடத்தில் நுரை கண்டதும் மெஷினை நிறுத்திவிடுகிறீர்கள். பவுடர் அதிகமானால் கேக் அவசரமாக எழும்பி, நடுவில் உட்கார்ந்தும்விடும். நுரை வேறு, பதம் வேறு. 5 முட்டை, 150 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு: ஸ்டாண்ட் மிக்சரில் 15 நிமிடமாவது ஓட வேண்டும். கலவை வெளிறிப் பொங்கி, விஸ்க்கைத் தூக்கினால் நாடாவாக இறங்க வேண்டும். விழுந்த கோடு உடனே மறையாமல் மேலே நிற்க வேண்டும். இத்தாலிய பேக்கரிகளில் இதைக் கலவை 'எழுதுகிறது' என்பார்கள். எழுதாத கலவையில் மாவைக் கொட்டாதீர்கள்.

(முட்டை இல்லாமல் இதே கேக் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: முட்டையில்லாத நல்ல கேக்குகள் எத்தனையோ உண்டு, தாராளமாகச் செய்யுங்கள். இந்தப் பெயரை மட்டும் அதற்கு வைக்காதீர்கள்.)

மாவும் 150 கிராம்தான். பாதி மைதா, பாதி உருளைக்கிழங்கு ஸ்டார்ச் போடுபவர்களும் உண்டு. சலித்து, மூன்று தவணையாகத் தூவி, ஸ்பாட்டுலாவால் கீழிருந்து மேலாகப் புரட்டுங்கள். இந்த இடத்தில் மிக்சரை மறுபடி ஓட விடுபவர்களை என்ன சொல்வது! 24 செ.மீ. டின், 170 டிகிரி, 35 முதல் 40 நிமிடம். முதல் 25 நிமிடம் ஓவன் கதவைத் தொடாதீர்கள். பிள்ளைகளைக் கிண்ணம் வழித்து நக்க விடாதீர்கள், தயவுசெய்து. பச்சை முட்டையில் மட்டுமல்ல, வேகாத மாவிலும் நோய்க்கிருமி இருக்கலாம்.

அடுத்த புகார், "வறட்சியாக இருக்கிறது." வறட்சியாகத்தான் இருக்கும்! சிசிலியின் கசாட்டா கேக்கில் ரிக்கோட்டா பாலாடைக்கட்டியைத் தாங்குவதும், சூப்பா இங்க்லேசே என்ற கஸ்டர்ட் இனிப்பில் சிவப்பு அல்கெர்மெஸ் மதுவை உறிஞ்சுவதும்தான் இதன் வேலை. எண்ணெயும் பாலும் ஊற்றி முன்கூட்டியே ஈரமாக்கினால், பாகு பட்டதும் குழைந்துவிடும். மது வேண்டாமென்றால் எலுமிச்சைத் தோல் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்ட சர்க்கரைப் பாகு போதும். முதல் நாளே சுட்டு ஆறவிடுங்கள். மறுநாள் ரம்பப்பல் கத்தியால் அறுத்து, பிரஷ்ஷால் பாகு தடவுங்கள். சூட்டோடு அறுத்தால் உதிரத்தான் செய்யும்.