1911 பிஸ்டல்: குண்டு வெளியேறும் வரை பூட்டு ஏன் திறப்பதில்லை?

"பழைய அமெரிக்கப் போர்ப் படங்களில் பிஸ்டலைச் சுட்டதும் அதன் மேல்பாகம் பின்னால் போய்த் திரும்புகிறதே, அப்போது வெடித்த வாயு சுடுபவர் முகத்தில் அடிக்காதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

அவர் சொல்வது பெரும்பாலும் கோல்ட் நிறுவனத்தின் 1911. ஜான் மோசஸ் பிரௌனிங்கின் வடிவமைப்பு. 1911 மார்ச்சில் நடந்த சோதனையில் 6000 தோட்டாக்களைக் கோளாறு இல்லாமல் சுட்டது. அந்த மாதம் 29-ம் தேதி அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1985 வரை அங்கே அதுதான் நிலையான கைத்துப்பாக்கி.

இது 'சிங்கிள் ஆக்‌ஷன்' வகை. விசையை இழுத்தால் ஒரே வேலைதான் நடக்கும்: ஏற்கெனவே பின்னால் இழுத்து நிறுத்திய சுத்தியல் விடுபடும். முதல் தோட்டாவுக்கு ஸ்லைடு எனப்படும் மேல்பாகத்தைக் கையால் இழுத்துவிட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வெடிப்பின் பின்னுதைப்பும் ஸ்லைடைத் தள்ளி, காலி உறையை வெளியே எறிந்து, சுத்தியலையும் நிமிர்த்தி வைக்கிறது. எல்லாம் நியூட்டனின் மூன்றாம் விதிதான்.

சரி, வாயு? வெடிக்கும் கணத்தில் தோட்டா உறைக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போலச் சுமார் 1400 மடங்கு வரை போகலாம். அந்த நேரத்தில் பின்பக்கம் திறந்தால் மெல்லிய பித்தளை உறை கிழிந்துவிடும். ஆகவே குண்டு குழலை விட்டுப் போகும் வரை பின்பக்கம் மூடியிருந்தே ஆக வேண்டும்.

பிரௌனிங் இதைத் தீர்த்த விதம் எனக்குச் சலிக்கவே சலிக்காது. குழலின் மேல்முதுகில் குறுக்காக இரண்டு முகடுகள் இருக்கின்றன. ஸ்லைடின் உட்கூரையில் அவற்றுக்குப் பொருந்தும் பள்ளங்கள். பொருந்தும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. வெடித்ததும் குழலும் ஸ்லைடும் ஒன்றாகப் பூட்டியபடி பின்னால் நகர்கின்றன. குழலின் அடியில் 'லிங்க்' என்ற சிறு இரும்புத் துண்டு. அதன் மேல்முனை குழலோடும் கீழ்முனை பிஸ்டலின் அசையாத உடலான சட்டத்தோடும் ஊசிகளால் கோக்கப்பட்டிருக்கும். 12 மணியில் நிற்கும் கடிகார முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். அது நகரத் தொடங்கும்போது நுனி பக்கவாட்டில் போகுமே தவிர, கீழே இறங்குவது மிகக் கொஞ்சம். போகப்போகத்தான் இறக்கம் கூடும். லிங்க்கும் அப்படியே. முதல் சில மில்லிமீட்டருக்குப் பூட்டு அசையாது. பிறகு குழலின் பின்முனை கீழே இழுக்கப்பட, முகடுகள் பள்ளத்தை விட்டு இறங்குகின்றன. முழுதாக விடுபட ஸ்லைடு சுமார் 6 மில்லிமீட்டர் நகர வேண்டும்.

குண்டு அதற்குள் போய்விடுமா? குண்டின் எடை 15 கிராம். ஸ்லைடும் குழலும் சேர்ந்து ஏறக்குறைய அரைக் கிலோ. உந்தம் இருபக்கமும் சமம் என்பதால், நகரும் தூரம் எடைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். குண்டு குழலுக்குள் 11 சென்டிமீட்டர் ஓடினால் ஸ்லைடு அதில் நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது 3 மில்லிமீட்டர் சொச்சம்தான் நகர்ந்திருக்கும். வெடிமருந்து வேகமாக எரிந்தாலும் மெதுவாக எரிந்தாலும் இந்த விகிதம் மாறாது. நேரத்தை அளக்க எதுவுமில்லை. இரண்டு எடைகளின் விகிதமே காவல் காக்கிறது.

இதே கணக்கு ஒரு மூடநம்பிக்கையையும் உடைக்கிறது. இந்த .45 (அங்குல விட்டம்) குண்டு பட்டவன் பறந்துபோய் விழுவான் என்று படங்களில் காட்டுகிறார்கள். விநாடிக்கு 250 மீட்டரில் போகும் 15 கிராம், 70 கிலோ மனிதனுக்குத் தரக்கூடிய வேகம் விநாடிக்கு 5 சென்டிமீட்டர். அவ்வளவு உதைப்பைச் சுட்டவரும் வாங்கியிருக்கிறார், அவர் நின்றுகொண்டுதானே இருக்கிறார்! பள்ளி இயற்பியலை நம் திரைக்கதைக்காரர்கள் கொஞ்சம் மதிக்கலாம்.

அமெரிக்காவில் பழைய 1911 வாங்குபவர்கள், மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டியைக் கழற்றிக் குழல் காலி என்று உறுதி செய்ததும், மேலே சொன்ன முகடுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விளிம்பு கூர்மையாக இருந்தால் நல்லது. மழுங்கி உருண்டிருந்தால் பூட்டும் நேரம் தப்பியிருக்கிறது என்று பொருள். தோட்டா அடிக்கடி சிக்கினால் பிஸ்டலைக் குறை சொல்வதற்குமுன் மேகசினை மாற்றிப் பார்க்க வேண்டும். அதன் வாய்விளிம்பு சற்று விரிந்திருந்தாலே தோட்டா ஏறும் கோணம் கெட்டுவிடும். பின்னுதைப்பைத் தாங்கும் ஸ்பிரிங் தளரும் பொருள், அவ்வப்போது புதிதாகப் போட வேண்டியது. எண்ணெய் தேவைப்படுவது உலோகம் உரசும் இடங்களில்: ஸ்லைடு ஓடும் தடங்கள், முகடுகள், குழலின் முன்முனை. சுடும் ஊசியின் துளையில் எண்ணெய் தேங்கினால் அழுக்குதான் சேரும்.

காலிக் குழலின் மேல் ஸ்லைடைப் படாரென்று விடும் பழக்கம் கூடாது. தோட்டாவைத் தள்ளும் வேலை இல்லாததால் ஸ்லைடு முழு வேகத்தில் மோதும். சுத்தியலைப் பிடித்திருக்கும் கொக்கியின் ஆழம் அரை மில்லிமீட்டர் அளவுதான், அந்த விளிம்பு அடிபடும்.

குழல் இறுக்கமாக நிற்கட்டும் என்று சிலர் நீளமான லிங்க் போடுகிறார்கள். குழல் அப்போது லிங்க்கின் மேலேயே நிற்கும், கீழே இறங்குவதும் தாமதமாகும். ஸ்லைடு பின்னால் வரும்போது முகடுகள் பள்ளத்தின் விளிம்பில் இடித்து, சுடச்சுடத் தேய்ந்துகொண்டே போகும்.