தேய்ந்த பொன்னெழுத்தைத் தொடாதீர்கள்

நாய் மார்க் இசைத்தட்டு நினைவிருக்கிறதா? குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் அந்த நாய். ஓவியர் பிரான்சிஸ் பராட் முதலில் வரைந்தபோது அந்தப் படத்தில் தட்டு இல்லை, மெழுகு உருளை சுற்றும் போனோகிராஃப்தான் இருந்தது. 1899-ல் அதன்மேல் வண்ணம் பூசி கிராமபோனாக மாற்றினார். அப்படி மறைந்துபோன உருளைக் கருவிகளில் ஒன்று, எடிசனின் 'ஹோம்' போனோகிராஃப். 1896-ல் வந்தது. ஓக் மரப் பெட்டி, கறுப்பு எனாமல் பூசிய இரும்புப் படுகை, மெல்லிய பொன்கோடுகள், முகப்பில் பொன்னிறத்தில் பெயர். ஆரம்ப கால ஹோம் இன்று அரிதான பொருள். யாருக்காவது கிடைத்தால், அவசரப்பட்டு ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்காமல் இருப்பதுதான் முதல் வேலை.

கருவி எப்படிப் பாடுகிறது என்று தெரிந்தால்தான் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது புரியும். இதில் மின்சாரம் இல்லை, ஒலியைப் பெருக்கும் சாதனமும் இல்லை. காதில் விழும் ஓசைக்கான சக்தி முழுவதும் நாம் சாவி கொடுத்த சுருள்வில்லிலிருந்து வருகிறது. வில் உருளையைச் சுற்றுகிறது. உருளையின்மேல் அங்குலத்துக்கு 100 வரிப்பள்ளங்கள், அதாவது கால் மில்லிமீட்டருக்கு ஒன்று. கிராமபோன் தட்டில் ஊசி பக்கவாட்டில் ஆடும். இங்கே பள்ளத்தின் அடித்தளமே மேடும் தாழ்வுமாக இருக்கும், ஊசி அதன்மேல் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குதான். அதை ஒரு மெல்லிய தகடு வாங்கித் துடிக்கிறது. தகட்டின் பரப்பு சிறியது, அது தனியாகத் துடித்தால் அறையின் காற்றை அதிகம் அசைக்காது. கொஞ்சம் கொஞ்சமாக விரியும் ஊதுகுழல்தான் அந்தத் துடிப்பை வெளிக்காற்றுக்குக் கைமாற்றிக் கொடுக்கிறது.

இவ்வளவு சின்ன அசைவு வழியில் எங்கே கசிந்தாலும் பாட்டு கெடும். பெரும்பாலும் கசிவது ஊசியும் தகடும் பொருத்திய தலையில், அதாவது சவுண்ட் பாக்ஸில்தான். தகட்டை இரண்டு பக்கமும் ரப்பர் வளையங்கள் பிடித்திருக்கும். நூறு ஆண்டுக்கு மேலான ரப்பர் கல்லாக இறுகியிருக்கும். இறுகிய வளையம் தகட்டைத் துடிக்க விடாது, விளிம்பில் விரிசல் விட்டால் காற்றும் கசியும். பாட்டு தகரத்தில் கொட்டியதுபோல் கேட்கும். இந்த வளையத்தை மாற்றத்தான் வேண்டும். அது தேய்ந்துபோக என்றே செய்த பொருள், மாற்றினால் கருவிக்கு ஒரு குறையும் வராது.

ஆனால் தகட்டை மாற்றக்கூடாது. ஆரம்ப கால ஹோம் கருவியின் சவுண்ட் பாக்ஸில் இருப்பது கண்ணாடித் தகடு. மைக்காவோ தாமிரமோ வைத்தால் சத்தம் கூடலாம், ஆனால் அது வேறொரு குரல். 1890-களில் ஒரு வீட்டில் இந்தக் கருவி எப்படிப் பாடியது என்பதற்குச் சாட்சி அந்தக் கண்ணாடிதான். இறுகிய ரப்பரைத் துணுக்குத் துணுக்காகப் பெயர்த்தெடுக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகும். ஆகட்டும்.

1902-ல் வந்த 'மாடல் சி' சவுண்ட் பாக்ஸைப் பழைய ஹோமில் மாட்டுகிறவர்கள் உண்டு. அது கனமானது, கடினமான கறுப்பு மெழுகு உருளைக்கென்று வந்தது. அதற்கு முந்தைய பழுப்பு மெழுகு மென்மையானது. கனமான ஊசி அதன்மேல் ஓடினால் ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தைத் தேய்த்துக்கொண்டே போகும். ஆக, பழைய சவுண்ட் பாக்ஸைக் காப்பாற்றுவது உருளைகளையும் காப்பாற்றுவதுதான். நீலக்கல் ஊசிமுனையைக் கடிகாரக்காரர் கண்ணில் பொருத்தும் லென்ஸால் பாருங்கள். முனை உடைந்திருந்தால் அது ஊசியில்லை, உளி.

அடுத்து மோட்டார். நின்றுபோன கருவி என்று விற்கிறவற்றில் பாதிக்கு மேல் நோய் ஒன்றே: கிரீஸ் கட்டிப்போனது. சுருள்வில்லின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிறகு திடீரென விடுபட்டு 'டொம்' என்று குதிக்கும். ஒவ்வொரு குதிப்பிலும் வேகம் மாறும். வேகம் மாறினால் சுருதி மாறும், நம் காது அதை உடனே கண்டுபிடித்துவிடும். வில்லை முழுவதுமாகத் தளர்த்திய பிறகே கழற்ற வேண்டும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கூட்டிலிருந்து பீறிட்டு வரும் எஃகுப் பட்டை விரலை அறுத்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, கிராஃபைட் கலந்த புது கிரீஸ் போட்டு, அதே வில்லைத் திரும்ப வையுங்கள். உடைந்திருந்தால் மட்டுமே புதியது.

வேகத்தைப் பிடித்து வைப்பது கவர்னர். சுழலும் தண்டில், வளையும் பட்டைகளின் நடுவே சிறு எடைகள். வேகம் கூடினால் எடைகள் வெளியே விரியும், பட்டை வளையும், அதோடு இணைந்த வட்டு நகர்ந்து ஒரு தோல் துண்டின்மேல் உரசும். உரசல் வேகத்தைக் குறைக்கும். தோல் காய்ந்திருந்தால் அது கீச்சிட்டு, பாட்டோடு சேர்ந்து கேட்கும். பல நேரம் ஒரு சொட்டு எண்ணெயே போதும்.

சரி, இனி வெளித்தோற்றம். அதிகம் பேர் தவறு செய்வது இங்கேதான். பொன்னெழுத்து ஒட்டுப்படமாகப் பதித்தது, அதன்மேல் மெல்லிய மெருகு. ஸ்பிரிட் பட்டால் அரக்குப் பாலிஷ் கரையும். அம்மோனியா கலந்த வீட்டுத் திரவங்கள் பொன்னையே துடைத்தெடுத்துவிடும். பஞ்சில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் முதலில் சோதித்து, மெதுவாக உருட்டுங்கள். அழுக்கு வரும். பஞ்சில் பொன்நிறம் தெரிந்த நொடியில் நிறுத்துங்கள். பாதி அழிந்த எழுத்து பாதியாகவே இருக்கட்டும். சாவி கொடுத்த கை மர விளிம்பில் உரசி உரசி வந்த தேய்மானத்தை எந்தப் புது பாலிஷாலும் திரும்பச் செய்ய முடியாது. உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, புத்தம்புதிதாகப் பளபளக்கும் ஹோம் கருவிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பெட்டியின் மூலை பிரிந்திருந்தால் எபாக்சி வேண்டாம். நம் ஆசாரிகள் காய்ச்சி ஒட்டிய வஜ்ரம் போன்ற விலங்குப் பசைதான் சரி. வெந்நீரும் ஆவியும் பட்டால் அது இளகும். நாளைக்கு வேறொருவர் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தால் மரம் உடையாமல் பிரியும்.

சில நேரம் 'அசல்' எது என்பதே குழப்பும். 1908-ல் அங்குலத்துக்கு 200 வரிகள் கொண்ட நான்கு நிமிட உருளை வந்தது. பழைய கருவியிலும் அதைக் கேட்க ஒரு பல்சக்கரத் தொகுதி விற்றார்கள். உங்கள் ஹோமில் அது இருந்தால் கழற்றி எறிய வேண்டுமா? என் கருத்தில் கூடாது. அந்த வீட்டில் யாரோ காசு சேர்த்து வாங்கிப் பொருத்தியது, கருவியின் வாழ்க்கையில் அதுவும் சேர்ந்ததுதான். மெழுகைச் சீவும் கத்தியும் ஒலிப்பதிவுத் தலையும் கிடைத்தால் அவற்றையும் விடாதீர்கள். பாடின உருளையைச் சீவிவிட்டு, வீட்டில் இருப்பவர்களே தங்கள் குரலைப் பதியலாம் என்பதுதான் இந்தக் கருவியின் அதிசயம்.

எல்லாம் பூட்டியானதும் உருளையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, அரை நிமிடம் எண்ணுங்கள். 80 சுற்று வந்தால் நிமிடத்துக்கு 160. 1902 வாக்கில் நிலைபெற்ற வேகம் அது. பழுப்பு உருளைகள் சில அதைவிட மெதுவாகப் பதிந்தவை, காதுதான் தீர்மானிக்கும். முதல் ஓட்டத்துக்குப் பழைய மெழுகு வேண்டாம், இப்போது புதிதாக வார்க்கும் பிசின் உருளை போதும்.

அப்புறம், மோட்டாரின் சுழற்சியை உருளைக்குக் கொண்டுபோகும் தோல் வாரை மாற்றியிருந்தால், கழற்றிய அந்தப் பழைய வாரையும் கல்லான ரப்பரையும் குப்பையில் போடாதீர்கள். ஒரு கவரில் போட்டு, எந்த இடத்திலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி, பெட்டிக்குள்ளேயே மோட்டாருக்குப் பக்கத்தில் வையுங்கள். அடுத்து திறப்பவருக்கு வாரின் அகலமும் தடிமனும் அதிலிருந்துதான் தெரியும்.