டபுள் மேஜர் என்றால் ரெண்டு டிகிரி இல்லைங்க

"பையனுக்கு டபுள் மேஜர் போட்டுட்டோமுங்க. மூணு வருசத்துல ரெண்டு டிகிரி வந்துருமுங்களே?"

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்துப் பெற்றோர் கேட்கிற கேள்வி இது. கேட்பது தப்பில்லை. ஆனால் கேட்கிற நேரம்தான் மனசை அறுக்கிறது. நாலாம் செமஸ்டர் ரெஜிஸ்ட்ரேஷனும் முடிந்த பிறகு, கணக்கை எப்படிப் போட்டாலும் தேறாது என்ற நிலையில் வந்து கேட்கிறார்கள். இந்த வருடமும் அதே கதை.

ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டபுள் மேஜர் என்பது ஒரே பட்டம். ஒரே அட்மிஷன், ஒரே சான்றிதழ், அதற்குள் இரண்டு முதன்மைப் பாடங்கள். ஒரே சமயத்தில் இரண்டு பட்டப் படிப்பு படிக்கலாம் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 ஏப்ரலில் அனுமதித்ததே, அது வேறு சமாச்சாரம். அதற்கு இரண்டு படிப்புக்கும் தனித்தனியாகச் சேர வேண்டும். இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக் கூடாது. இல்லாவிட்டால் ஒன்றையாவது தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படிக்க வேண்டும். அங்கே இரண்டு ஃபீஸ், இரண்டு பரீட்சை, இரண்டு சான்றிதழ். டபுள் மேஜரில் அப்படி எதுவும் கிடையாது. மைனரும், அதாவது மேஜருக்குத் துணையாக எடுக்கிற பாடமும், டபுள் மேஜரும் ஒன்றில்லை. இரண்டாவது பாடத்தில் நாலு பேப்பர் எழுதினால் அது மேஜர் ஆகிவிடாது. தயவுசெய்து இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இனி கணக்கு. கேரளத்தில் 2024 ஜூலையில் தொடங்கிய நான்காண்டு இளநிலைத் திட்டத்தில், மூன்று வருடத்தோடு வெளியே வருபவருக்கு 133 கிரெடிட் (ஒவ்வொரு பேப்பரின் பாரத்தையும் அளக்கிற புள்ளி) வேண்டும். சாதாரண ஒற்றை மேஜர் வழியில் அது இப்படிப் பிரியும்: மேஜர் 68, மைனர் 24, அடித்தளப் பாடங்கள் 39, இன்டர்ன்ஷிப் 2. அந்த 39-இல் மொழி 12. மல்டி டிசிப்ளினரி (பல துறை), ஸ்கில் (திறன்), வேல்யூ ஆடட் (மதிப்புக் கூட்டு) என்று சொல்கிற மூன்று வகைக்கும் தலா 9, மொத்தம் 27.

டபுள் மேஜருக்கு விதி வேறு. முதல் மேஜரில் மொத்தத்தில் 50 விழுக்காடு, இரண்டாவதில் 40 விழுக்காடு. 133-இல் பாதி 66.5. நாற்பது விழுக்காடு 53.2. கூட்டினால் 119.7. மிச்சம் பதிமூன்று கிரெடிட்டுக்குக் கொஞ்சம் மேலே. அதில் மொழி 12 போய்விடும். கையில் நிற்பது ஒரே ஒரு கிரெடிட்!

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். மைனர் இடம் 24-ஐயும் இரண்டாவது பாடத்துக்கே கொடுத்தாலும் 53 வராது. அதனால் அந்த 27 கிரெடிட் அடித்தளப் பாடங்களும் இன்டர்ன்ஷிப் 2-உம் இரண்டு மேஜர்களுக்குள் ஏதாவது ஒன்றில் கணக்குச் சேரும்படி எடுத்தாக வேண்டும். கூட்டாளி எடுத்தான் என்று தொடர்பே இல்லாத ஒரு 3 கிரெடிட் ஸ்கில் கோர்ஸை எடுத்தால், அந்த ஒன்றே போதும், டபுள் மேஜர் கைநழுவிவிடும். பிள்ளைகள் "ஈஸி பேப்பர்" என்று தேடிப் பிடிப்பது பெரும்பாலும் இந்த வகைக் கோர்ஸ்தான்.

யூடியூபில் ஒருவர் 48 கிரெடிட் போதும் என்று சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. யுஜிசியின் 2022 சட்டகத்தில் மூன்றாண்டுக்கு 120 கிரெடிட், அதில் நாற்பது விழுக்காடு 48. நம் பிள்ளை படிப்பது 133 கிரெடிட் உள்ள திட்டம். அடுத்த வீட்டுக் கணக்கைப் பார்த்து நம் வீட்டுக்கு அரிசி போட முடியாது.

தமிழ்ப் பிள்ளைகள் விழுகிற குழி ஒன்று தனியாக இருக்கிறது. தமிழை மொழிப்பாடமாக எடுத்தால் அந்தக் கிரெடிட் மொழி 12-க்குள் அடங்கும். தமிழ் மேஜர் கணக்கில் ஏறாது. "ரெண்டு செமஸ்டரும் தமிழ் எழுதியிருக்கேனே" என்று வாதாடிப் பயனில்லை. மேஜர் கிரெடிட் என்பது தமிழ்த்துறை மேஜராகக் கொடுக்கிற பேப்பருக்கு மட்டும்.

இந்தக் கிரெடிட் கணக்கை எழுதி வைக்க ஒரு ஷீட் வேண்டும்; அது எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். நோட்டில் ஒரு பக்கத்தைக் குறுக்கே திருப்பி, ஆறு செமஸ்டருக்கு ஆறு வரிசை. நெடுக்கே ஐந்து கட்டம்: முதல் மேஜர், இரண்டாம் மேஜர், மொழி, அடித்தளம், மொத்தம். அடித்தளக் கட்டத்தில் ஒவ்வொரு கோர்ஸுக்கும் பக்கத்தில் எந்த மேஜரில் சேர்கிறது என்று 1 அல்லது 2 என எழுத வேண்டும். ஓர் எண்ணும் எழுத முடியாத கோர்ஸ் இருந்தால், அதை ரெஜிஸ்டர் செய்வதற்கு முன்னால் அட்வைசரிடம் (காலேஜில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் ஆசிரியர்) போங்கள். ஒற்றை மேஜர் வழியில் செமஸ்டர் மொத்தம் 21, 21, 22, 21, 23, 25 என்று போகும். கடைசி இரண்டு செமஸ்டர் பாரம் கூடுதல் என்பது அதிலேயே தெரியும். விட்டதை ஐந்தாம் செமஸ்டரில் பிடித்துக்கொள்ளலாம் என்கிற நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள்.

சயன்ஸில் இரண்டு மேஜர் என்றால் மணிநேரத்தையும் எண்ணுங்கள். தியரியில் ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம். பிராக்டிக்கலில் ஒரு கிரெடிட்டுக்கு இரண்டு மணி. அதனால் லேப் சேர்ந்த 4 கிரெடிட் பேப்பர் வாரத்தில் 5 மணி நேரத்தைத் தின்னும். இரண்டு துறையின் லேபும் ஒரே மதியத்தில் வந்தால் வருகைப் பதிவில் அடி விழும். ஹால் டிக்கெட்டுக்கு 75 விழுக்காடு வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

சேரும் முன்பே காலேஜில் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த ஜோடியை டபுள் மேஜராக நீங்கள் நடத்துகிறீர்களா? இரண்டு துறைக்கும் டைம்டேபிள் மோதாமல் போட்டிருக்கிறீர்களா? வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். இரண்டு துறை இருப்பதாலேயே அந்த ஜோடி கிடைத்துவிடாது.

வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூரில் எம்.ஏ. சேரவோ, தமிழ்நாட்டில் வேலைக்கு எழுதவோ நினைக்கிற பிள்ளைகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நோட்டிஃபிகேஷனில் எந்தப் பாடத்தில் பட்டம் என்று என்ன வார்த்தை போட்டிருக்கிறார்கள், மார்க் ஷீட்டில் அது எப்படி அச்சாகும், ஈக்விவலன்ஸ் (இரண்டு பட்டமும் சமம் என்கிற சான்று) கேட்பார்களா என்று முதல் வருடத்திலேயே விசாரியுங்கள். வேலைக்குத் தேவைப்படும் பாடத்தை முதல் மேஜராக வைப்பதே பத்திரம்.

ஏற்கெனவே முதல் அல்லது இரண்டாம் செமஸ்டரில் இருக்கும் பிள்ளையா? பதற வேண்டாம். இரண்டாம் செமஸ்டர் முடிவில், அதுவரை படித்த பாடங்களில் ஒன்றுக்கு மேஜரை மாற்றிக்கொள்ள, இடம் இருந்தால் வழி உண்டு. டபுள் மேஜர் தேறாவிட்டாலும், மைனர் இடம் 24-ஐயும் ஒரே பாடத்தில் சேர்த்தால் மேஜரோடு ஒரு மைனர் என்று கௌரவமாக வெளியே வரலாம். மூன்றாம் செமஸ்டர் ரெஜிஸ்ட்ரேஷன் திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் அந்த ஷீட்டை எடுத்துக்கொண்டு அட்வைசரைப் பாருங்கள். அப்பா அம்மாவும் கூட வாருங்கள்.