பிளஸ் டூ படிக்கும்போதே வாக்காளர் பட்டியலுக்கு விண்ணப்பிக்கலாம்

பதினெட்டு வயது முடிந்தால் ஓட்டுரிமை தானாக வந்துவிடும் என்று நிறைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெற்றோர் பலரும் அப்படித்தான். அரசியல் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருப்பது உண்மை. ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்குச்சாவடிக்குப் போனால் திரும்பி வர வேண்டியதுதான். பட்டியலில் சேர, படிவம் 6 என்ற விண்ணப்பத்தை நாமாகக் கொடுக்க வேண்டும். பதினெட்டு முடியும்வரை அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று தேர்தல் ஆணையமே வழி செய்து வைத்திருக்கிறது. பிளஸ் டூ மாணவர்களில் பெரும்பாலோர் அந்த ஆண்டிலேயே இந்த வயதைத் தொட்டுவிடுகிறார்கள்.

இந்த வசதி பழையதல்ல. வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால். 1989-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஜனவரி 1 ஒன்று மட்டுமே தகுதி நாளாக இருந்தது. அன்று 18 முடிந்திருந்தால் பெயர் சேரும். ஜனவரி 2-ல் பிறந்தவர் அடுத்த ஜனவரி வரை, ஏறக்குறைய ஒரு வருடம், காத்திருந்தாக வேண்டும். 2021-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் இதை மாற்றியது. 2022 ஆகஸ்ட் 1 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள்.

கணக்கு எளிது. 2008 ஜூன் 30-ல் பிறந்த பெண்ணுக்கு 2026 ஜூன் 30-ல் 18 முடிகிறது. அவருக்குத் தகுதி நாள் 2026 ஜூலை 1. ஜூலை 2-ல் பிறந்த அவருடைய வகுப்புத் தோழருக்கு அக்டோபர் 1. ஆண்டுதோறும் நடக்கும் பட்டியல் திருத்தத்தில் வரைவுப் பட்டியல் வெளியான நாளிலிருந்து, அடுத்து வரும் தகுதி நாட்களில் 18 முடியப்போகிறவர்களும் விண்ணப்பம் கொடுத்துவிடலாம். அதை வைத்திருந்து, அவரவர்க்கு உரிய காலாண்டில் பரிசீலித்து முடிவு செய்வார்கள். அதுவரை பெயர் பட்டியலில் ஏறாது, ஓட்டும் போட முடியாது.

பள்ளியில் இருக்கும்போதே இதை முடிப்பது நல்லது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பிளஸ் டூ முடிந்த கையோடு பிள்ளைகள் சிதறிவிடுகிறார்கள். ஒருவர் கோயம்புத்தூரில் விடுதியில், இன்னொருவர் ஸ்ரீபெரும்புதூரில் வேலையில். சான்றிதழ் வீட்டில் இருக்கும், பிள்ளை வேறு ஊரில் இருப்பார். பள்ளிக் காலத்திலோ எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை பள்ளிகளில் தேர்தல் விழிப்புணர்வு மன்றங்கள் நடத்துவதற்கான திட்டத்தை ஆணையம் 2018 தேசிய வாக்காளர் தினத்தன்று தொடங்கியது. உங்கள் பள்ளியில் அது பெயரளவில் இருந்தால், தலைமை ஆசிரியர் நினைத்தால் ஒரே நாளில் உயிர் கொடுக்கலாம்: அந்தப் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரை, அதாவது பி.எல்.ஓ.வை, பள்ளிக்கு வரவழைத்து 17 முடிந்தவர்களுக்கு ஒரு முகாம் வைத்தாலே போதும்.

சரி, படிவத்துக்கு வருவோம். படிவம் இலவசம், விண்ணப்பக் கட்டணமும் இல்லை. ஒரு பாஸ்போர்ட் அளவு போட்டோ, பிறந்த தேதிக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று. பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகலே போதும். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், பான் அட்டையும் ஏற்கப்படும். முகவரிக்கு மின்கட்டண ரசீது, கேஸ் பில், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் என்று பல வழிகள். இவை மாணவர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதே முகவரியில் வாக்காளராக உள்ள அப்பா அல்லது அம்மா பெயரில் இருந்தாலும் செல்லும். ஆதார் எண்ணுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஆதார் இல்லாதவர் இல்லை என்று குறிக்க இடம் இருக்கிறது.

பெரும்பாலான சிக்கல் பெயரில்தான் வருகிறது. நமக்கு இனிஷியல், படிவத்திலோ பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் அப்பாவின் முழுப் பெயர் என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்கள் ஓடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதை அடிப்படையாக வைத்து எழுதுங்கள். ஆன்லைனில் ஆங்கிலத்தில் தட்டினால் தமிழ்ப் பெயர் தானாக வந்து விழும். 'ழ' இருக்க வேண்டிய இடத்தில் 'ல' நிற்கும், 'ண' இருக்க வேண்டிய இடத்தில் 'ன' வரும். சமர்ப்பிக்கும் முன் அதை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் திருத்துங்கள். அட்டையில் அச்சான பிறகு திருத்த படிவம் 8 கொடுத்துத் திரும்பவும் அலைய வேண்டும். கதவு எண்ணும் அப்படித்தான். பழைய எண், புதிய எண் இரண்டும் உள்ள தெருக்களில், அப்பா அம்மாவின் பெயர் பட்டியலில் எந்த எண்ணில் இருக்கிறதோ அதையே எழுதினால் குடும்பம் முழுக்க பட்டியலின் ஒரே பாகத்தில், அதாவது ஒரே வாக்குச்சாவடிக்கு உரிய பகுதியில், வரும்.

உறவினர் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர்தான் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. அம்மா பெயர் போடலாம். பெற்றோரை இழந்த பிள்ளைகள் சட்டப்படியான காப்பாளரின் பெயரையும், திருநங்கை, திருநம்பி மாணவர்கள் தங்கள் குருவின் பெயரையும் எழுதலாம். மாற்றுத்திறன் பற்றிய பகுதியை நிரப்புவது அவரவர் விருப்பம். நிரப்பினால் வாக்குச்சாவடியில் சக்கர நாற்காலி போன்ற உதவிகளைத் திட்டமிட அது பயன்படும்.

பெற்றோரின் வாக்காளர் விவரமும் இந்த நேரத்தில் தேவைப்படும். தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் வந்த வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. ஆகவே பிள்ளையின் படிவத்தை நிரப்பும் முன், அப்பா அம்மாவின் பெயர் இப்போதைய பட்டியலில் இருக்கிறதா, எந்தப் பாகம், எந்த வரிசை எண் என்று பார்த்துவிடுங்கள். அந்தத் திருத்தத்தின்போது படிவம் 6 உடன் ஓர் உறுதிமொழிப் படிவமும் கேட்டார்கள். கொடுக்கும்போது அது வேண்டுமா என்று பி.எல்.ஓ.விடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தை பி.எல்.ஓ. கையில் கொடுக்கலாம், தாலுகா அலுவலகத்திலும் கொடுக்கலாம், ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ செயலியிலோ பதியலாம். எதுவானாலும் ஒப்புகை எண்ணை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பத்தின் நிலையை அந்த எண்ணை வைத்துத்தான் பார்க்க முடியும். பி.எல்.ஓ. வீட்டுக்கு வந்து விசாரிப்பார், ஆட்சேபணைக்கு அவகாசம் தருவார்கள், அப்புறம் முடிவு. நிராகரித்துவிட்டால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். சந்தேகம் எதுவானாலும் 1950 என்ற எண்ணில் கேட்கலாம். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம் உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பெயர் சேர்ப்பு முடிந்துவிடும். விசாரணைக்கு நாள் வேண்டும் என்பதால், நடைமுறையில் அதற்குச் சுமார் பத்து நாட்கள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியலும் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை வைத்தே தயாராகிறது. இதில் விட்டுப்போனால் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் போகும்.

கல்லூரி விடுதிக்குப் போகிறவர்கள் ஊரிலேயே பெயரை வைத்திருக்கலாம். அல்லது கல்லூரியின் சான்றோடு விடுதி முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் பெயர் இருக்கக் கூடாது. மாறுவதற்குப் புதிதாகப் படிவம் 6 போடாமல் படிவம் 8 கொடுக்க வேண்டும்.

பெயர் சேர்ந்த பிறகு அட்டை வரும். ஆனால் அட்டை இருப்பதால் மட்டும் ஓட்டுப் போட முடியாது. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட் போன்றவற்றில் ஒன்றைக் காட்டலாம். பூத் சிலிப்பை மட்டும் காட்டினால் ஏற்க மாட்டார்கள்.

ஓட்டுப் போடும் முறையைப் பள்ளியிலேயே நடத்திக் காட்டலாம். மாணவர் தலைவர் தேர்தலை அதற்குப் பயன்படுத்துங்கள்: ஒருவர் பட்டியலைச் சரிபார்க்க, அடுத்தவர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி இடது ஆட்காட்டி விரலில் மை வைக்க, மூன்றாமவர் இயந்திரத்தைத் திறந்துவிட வேண்டும். நிஜ வாக்குச்சாவடியில் நீலப் பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்தில் உள்ள விவிபேட் கண்ணாடியில் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னத்துடன் ஒரு சீட்டு 7 நொடி தெரியும். பதற்றத்தில் பலர் அதைப் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள். யாரையும் பிடிக்காவிட்டால் கடைசியில் நோட்டா இருக்கிறது. 2013 முதல் உள்ள வசதி. செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது.

யாருக்குப் போடுவது என்பதை எந்த ஆசிரியரும் சொல்லக் கூடாது. எப்படித் தேடிப் படிப்பது என்று சொல்லித் தரலாம். வேட்பாளர் ஒவ்வொருவரும் தன் மீதுள்ள வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அது ஆணையத்தின் இணையதளத்தில் எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. சென்ற தேர்தலில் உங்கள் தொகுதியில் நின்ற இரண்டு பேரின் பத்திரங்களை வகுப்பில் படிக்கக் கொடுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் உங்களை வியக்க வைக்கும்.

இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். வாக்குச்சாவடிக்குப் போகும்போது உங்கள் பெயரில் வேறு யாரோ ஓட்டுப் போட்டுவிட்டதாகச் சொன்னால் பேசாமல் திரும்பி வர வேண்டாம். நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று நிரூபித்து, தலைமை அலுவலரிடம் 'டெண்டர் ஓட்டு' கேளுங்கள். தனி வாக்குச்சீட்டு தந்து உங்கள் வாக்கைப் பதிய வைக்க வேண்டியது அவர் கடமை.