சொல் விளக்கம்: மென்பொருள் ஒப்பம்

போனில் ஏற்கெனவே இருக்கும் ஒரு செயலியை, பிளே ஸ்டோருக்கு வெளியே எங்கிருந்தோ கிடைத்த ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் கோப்பை) வைத்துப் புதுப்பிக்கப் பார்த்திருக்கிறீர்களா? பெயர் அதே, படம் அதே, பதிப்பு எண்கூடப் புதியதுதான். ஆனாலும் ‘செயலி நிறுவப்படவில்லை’ என்று ஆண்ட்ராய்டு கைவிரித்துவிடும். கோப்பு பாதியில் கெட்டுவிட்டதோ என்று இன்னொரு முறை இறக்கிப் பார்ப்போம். மறுபடியும் அதே பதில் வரும். பல நேரங்களில் காரணம் இதுதான்: பழைய செயலியில் ஒப்பமிட்டவர் ஒருவர், புதியதில் ஒப்பமிட்டவர் வேறொருவர். நடுவில் யாரோ அதைப் பிரித்து, உள்ளே எதையோ மாற்றி, மறுபடி கட்டித் தங்கள் ஒப்பத்தைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

மென்பொருளை எழுதியவர் அதில் இப்படி மின்முறையில் ஒப்பம், அதாவது கையெழுத்து, இட்டு அனுப்பும் ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள் உண்டு. பரவலாகப் புழங்குவது ‘கோட் சைனிங்’. மற்றொன்று ‘ஆப்ஜெக்ட் சைனிங்’. மைக்ரோசாஃப்ட் 1996-இல் தன் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3-உடன் தன் முறையை ‘ஆதென்டிகோட்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அதன் போட்டியாளரான நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டர் 4 வந்தது. ஜாவா ஆப்லெட், ஜாவாஸ்கிரிப்ட், பிளக்-இன் என உலாவிக்குள் ஓடும் சிறு நிரல்கள் எல்லாவற்றிலும் ஒப்பமிடும் வசதியை நெட்ஸ்கேப்காரர்கள் ‘ஆப்ஜெக்ட் சைனிங்’ என்றார்கள். ஐபிஎம் நிறுவனமும் இதே பெயரைத்தான் எடுத்துக்கொண்டது. நிறுவனங்களுக்காக அது தயாரித்த ஏஎஸ்/400 கணினிகளின் இயக்குதளத்தில் நிரல், கட்டளை, கோப்பு என்று எதை எடுத்தாலும் அது ஓர் ‘ஆப்ஜெக்ட்’, அதாவது பொருள். 2001-இல் வந்த வி5ஆர்1 பதிப்பிலிருந்து ஐபிஎம் தன் இயக்குதளப் பொருள்களிலேயே ஒப்பமிட்டு அனுப்பத் தொடங்கியது. ஒரு பொருளைக் கணினியில் மீட்டு ஏற்றும்போது ஒப்பத்தைச் சரிபார்க்க வேண்டுமா, ஒப்பம் பிழையாக இருந்தால் ஏற்கலாமா என்பதை நிர்வாகி முன்கூட்டியே முடிவு செய்து வைக்கலாம். ஏற்றிய பிறகும், யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று ஒரு கட்டளை கொடுத்துச் சோதிக்கலாம்.

‘கை வைத்தல்’ என்று எழுதியது யோசித்துத்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

மென்பொருளை எழுதியவர் முழுக் கோப்பையும் ஒரு கணக்குக்குள் செலுத்திச் சாறு பிழிகிறார். அந்தச் சாறுதான் ‘ஹாஷ்’. எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு முறையில் அதன் அளவு எப்போதும் 256 பிட், எழுதிக் காட்டினால் 64 எழுத்து. கோப்பு ஒரு பக்கக் கடிதமானாலும் சரி, முழு இயக்குதளமானாலும் சரி, சாறு அதே 64 எழுத்துதான். ஆனால் கோப்பில் ஒரே ஒரு பிட்டை மாற்றினாலும் சாறு அடையாளமே தெரியாமல் மாறிப்போகும். இந்தச் சாற்றை அவர் தன்னிடம் மட்டுமே இருக்கும் தனிச்சாவியால் பூட்டிக் கோப்போடு சேர்த்து அனுப்புகிறார். பூட்டிய அந்தச் சாறுதான் ஒப்பம். வாங்குகிறவரின் கணினி இரண்டு வேலை செய்கிறது. ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கும் பொதுச்சாவியால் ஒப்பத்தைத் திறந்து, அவர் பிழிந்த சாற்றை எடுக்கிறது. வந்த கோப்பிலிருந்து தானே புதிதாக ஒரு சாறு பிழிகிறது. பிறகு இரண்டையும் ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் கோப்பு அவர் அனுப்பியபடியே வந்திருக்கிறது. இது ஆர்எஸ்ஏ என்ற ஒப்பமிடும் முறையின் வழி. மற்ற முறைகளில் கணக்கு வேறு, ஆனால் கடைசியில் ஏதோ இரண்டு எண்களை ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

பொதுச்சாவி இன்னாருடையதுதான் என்பதற்கு ஒரு சான்றளிப்பு நிறுவனம் பொறுப்பேற்று மின்சான்றிதழ் கொடுக்கும். ஆண்ட்ராய்டு அதைக்கூடக் கேட்பதில்லை. முதலில் நிறுவியபோது எந்தச் சாவியோ, அடுத்த பதிப்புக்கும் அதே சாவி இருந்தால் போதும். தனிச்சாவியும் பொதுச்சாவியும் வைத்து ஒப்பமிடும் யோசனைக்கு வித்திட்டவர்கள் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும். 1976-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, காகிதக் கையெழுத்துக்கு ஈடாகக் கணினியில் ஒன்று வேண்டும் என்று கேட்டது. அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் ஆர்எஸ்ஏ முறையைக் கண்டுபிடித்தார்கள்.

இனி சொல்லுக்கு வருவோம்.

‘சிக்னேச்சர்’ என்பதன் வேர் லத்தீனின் ‘சிக்னம்’. குறி, அடையாளம் என்று பொருள். அதன் சிறுமைச்சொல் ‘சிகில்லும்’, அதாவது சின்னக் குறி. முத்திரையைக் குறிக்கும் ‘சீல்’ அதிலிருந்து வந்தது. ஆக, கையெழுத்தும் முத்திரையும் அங்கே ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

தமிழில் இதற்குச் சொற்கள் நிறைய. கையெழுத்து என்போம். சோழர் கல்வெட்டுகளில் வெறும் ‘எழுத்து’தான். ‘இவை இன்னார் எழுத்து’ என்று முடியும். எழுதத் தெரியாதவர் இடும் அடையாளத்துக்குத் தற்குறி என்று பெயர். தன் குறி. ‘சிக்னம்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் அந்தச் சொல்லை இன்று வசையாக்கிவிட்டோம். மீட்டெடுப்பது கடினம். கைநாட்டு என்ற சொல்லுக்கும் அதே கதிதான். மிஞ்சுவது கையொப்பம்.

அதில் ‘ஒப்பம்’ என்ற பகுதிதான் எனக்கு இந்தத் துறைக்காகவே காத்திருந்த சொல்லாகத் தெரிகிறது. ஒப்பு என்ற வேருக்கு இரண்டு முகங்கள். ஒன்று இசைவு: ஒப்புதல், ஒப்புக்கொள்வது, ஒப்பந்தம், ஒப்புகைச் சீட்டு. மற்றொன்று நிகர்: ஒப்பிடுவது, ஒத்திருப்பது. ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பிரதிக்குப் பிரதி ‘ஒப்புநோக்கி’ப் பாட வேறுபாடு குறித்தார்களே, அந்த ஒப்பு. காகிதக் கையெழுத்தில் நாம் பெரும்பாலும் முதல் முகத்தைத்தான் பயன்படுத்துகிறோம். சம்மதம் என்று போடுகிறோம், யாராவது ஒப்பிட்டுப் பார்ப்பது அரிது. மென்பொருளில் இரண்டு முகமும் வேலை செய்கின்றன. எழுதியவர் ‘இது என்னுடையது’ என்று ஒப்புகிறார். வாங்குகிறவரின் கணினி இரண்டு சாற்றையும் ஒப்பிடுகிறது. லத்தீன் சொல்லில் குறி மட்டும்தான் இருக்கிறது. நம் சொல்லில் சரிபார்க்கும் வேலையும் சேர்ந்தே இருக்கிறது.

அரசுக் கடிதங்களின் தட்டச்சு நகல்களில், கையெழுத்து இருந்த இடத்தில் ‘ஒப்பம்’ என்று அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூலத்தில் ஒப்பம் இருக்கிறது, நகலில் இருப்பது அதைப் பற்றிய செய்திதான். மென்பொருள் ஒப்பத்துக்கு இந்த வேறுபாடு கிடையாது. ஆயிரம் முறை நகலெடுத்தாலும் ஆயிரத்திலும் ஒப்பம் முழுமையாக இருக்கும், ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிபார்க்கலாம்.

முத்திரைக்குப் பழந்தமிழில் ‘பொறி’ என்று பெயர். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக்காரர்கள் பண்டங்களில் ‘புலி பொறித்துப் புறம்போக்கி’ அனுப்பியதாகப் பட்டினப்பாலை சொல்கிறது. பொருளில் சோழனின் புலி முத்திரை விழுந்த பிறகே அது வெளியே போகும். ‘ஆப்ஜெக்ட் சைனிங்’ என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் வேண்டுமா? அகநானூற்றின் 77-ஆம் பாட்டில், கயிற்றால் கட்டிய குடத்திலிருந்து ஓலை எடுக்க வருகிறவர்களை மருதன் இளநாகனார் ‘பொறிகண்டு அழிக்கும் ஆவண மாக்கள்’ என்கிறார். பொறியைக் கண்ட பிறகே உடைக்கிறார்கள். வரிசை முக்கியம்: முதலில் சரிபார்ப்பு, அப்புறம் திறப்பு. நிறுவிய பிறகே முதல்முறையாக ஒப்பத்தைப் பார்ப்பதில் பயனில்லை.

ஆனால் என்னை மிகவும் நெகிழ வைப்பது சிலப்பதிகாரத்தின் ‘மண்பொறி’. மாதவி கோவலனுக்கு அனுப்பிய ஓலையின் களிமண் முத்திரையில் அவள் கூந்தலின் எண்ணெய் மணம் ஏறியிருக்கிறது. உடன் வாழ்ந்த காலத்தில் அறிந்த மணம். ஓலையைப் பிரிக்கும் முன்பே, அது யாரிடமிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அனுப்பியவரிடம் மட்டுமே இருக்கும் ஒன்று, பெறுகிறவரால் அடையாளம் காண முடிகிற ஒன்று. தனிச்சாவியும் பொதுச்சாவியும் செய்வது இதைத்தான்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். களிமண் முத்திரைக்கு உள்ளே இருக்கும் எழுத்தைத் தெரியாது. மண்ணைச் சேதமில்லாமல் கழற்ற முடிந்தால் ஓலையை மாற்றிவிடலாம். மென்பொருள் ஒப்பம் பிறப்பதே உள்ளே இருக்கும் எழுத்திலிருந்துதான். எழுத்து மாறினால் ஒப்பம் தானாகவே பொய்யாகும். இதனால்தான் ஒரு கோப்பின் ஒப்பத்தை வெட்டி இன்னொரு கோப்பில் ஒட்ட முடியாது.

களிமண் என்றதும் ‘டாம்பர்’ என்ற ஆங்கிலச் சொல் நினைவுக்கு வருகிறது. ‘டெம்பர்’ என்பதன் திரிபு அது. முதலில் களிமண்ணைப் பிசைவதைக் குறித்தது, பிறகு அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதற்கும், கள்ளத்தனமாக மாற்றுவதற்கும் ஆகிவந்தது. இதைத் தமிழில் ‘சேதப்படுத்துதல்’ என்று எழுதுகிறார்கள். பொருந்தவில்லை. கள்ளத்தனமாக மாற்றிய மென்பொருள் சேதமடைந்த மாதிரி தெரியவே தெரியாது. நன்றாகவே ஓடும், அதுதான் ஆபத்து. பேச்சில் நம்மிடம் ‘கை வைத்தல்’ இருக்கிறது: ‘இதுல யார் கை வச்சது?’ எழுத்துக்குக் ‘கள்ளத்திருத்தம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பம் கள்ளத்திருத்தத்தைத் தடுக்காது, காட்டிக்கொடுக்கும். கோப்பை மறைத்தும் வைக்காது. அது மறையாக்கத்தின் (என்கிரிப்ஷன்) வேலை. ஒப்பமிட்ட மென்பொருள் நல்ல மென்பொருள் என்றும் பொருளில்லை. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிக் கிருமியின் டிரைவர் கோப்புகளில் ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு தைவான் நிறுவனங்களின் ஒப்பம் இருந்தது. களவுபோன சாவிகளால் போட்டது. 2020-இல் சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் விவகாரம் இன்னும் மோசம். மென்பொருளைக் கட்டி முடிக்கும் முன்பே தாக்கியவர்கள் உள்ளே தங்கள் நிரலைச் செருகிவிட்டார்கள். நிறுவனமே தன் சொந்தச் சாவியால் அதற்கும் சேர்த்து ஒப்பமிட்டு அனுப்பியது. 18,000 வாடிக்கையாளர்கள் வரை அதை இறக்கினார்கள். எல்லோருடைய கணினியிலும் ஒப்பம் சரியாகவே பொருந்தியது.

எனவே எல்லாமே சாவியில்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், மேசை டிராயர் நிறைய வாடிக்கையாளர்களின் டிஎஸ்சி டோக்கன்கள், அதாவது மின்கையொப்பச் சாவியைப் பத்திரப்படுத்தும் சின்னக் கருவிகள். ஒவ்வொன்றிலும் பின் எண்ணை எழுதி ஒட்டியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் கையொப்பமிடலாம். மனசு பதறியது. மென்பொருள் உலகில் 2023 ஜூன் 1 முதல், ஒப்பச் சான்றிதழின் தனிச்சாவியை இதுபோன்ற வன்பொருள் கருவிக்குள்தான் வைக்க வேண்டும் என்று சான்றளிப்பு நிறுவனங்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல விதிதான். டிராயரின் பூட்டையும் யாராவது கவனிக்க வேண்டும்.

கலைச்சொல்லுக்கு வருகிறேன். ‘டிஜிட்டல் சிக்னேச்சர்’ என்பதற்கு இலக்கமுறைக் கையொப்பம், மின்னணுக் கையொப்பம், இலங்கையில் இலத்திரனியல் கையொப்பம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். மனிதர் ஆவணத்தில் இடுவதற்கு இவை இருக்கட்டும். மென்பொருளில் பெரும்பாலும் நடு இரவில் ஒரு சேவையகம் தானே கட்டித் தானே ஒப்பமிடுகிறது. அங்கே கை எதற்கு? ‘மென்பொருள் ஒப்பம்’ போதும். ‘கோட் சைனிங்’ என்றே குறிப்பிட வேண்டுமானால் ‘நிரலொப்பம்’. ‘பொருளொப்பம்’ என்பதையும் யோசித்தேன். பொருள் என்றதும் அர்த்தம் என்ற நினைப்பு வந்துவிடுவதால் விட்டுவிட்டேன். சரிபார்ப்பதற்கு ‘ஒப்பம் பார்த்தல்’, தவறினால் ‘ஒப்பம் பொருந்தவில்லை’.

அந்த ஏபிகே கோப்புக்கும் போன் இப்படியே சொல்லலாம். ‘செயலி நிறுவப்படவில்லை’ என்று படித்தவர் மறுபடி இறக்கிப் பார்க்கிறார். ‘ஒப்பம் பொருந்தவில்லை’ என்று படித்தால், இதை யார் அனுப்பியது என்று கேட்பார்.